புகை இல்லாத லயம்

"தலைய மூடு வினோ. கைய வீசாத."

இக்னேசியஸ் மேலே லொறிப் பாதையில் நின்று கத்தியது பாதிதான் கேட்டது. மீதியைக் குளவிகளின் இரைச்சல் விழுங்கிவிட்டது. வினோஜன் தேயிலைச் செடிகளுக்கு இடையில் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தான். ஏழாம் நம்பர் மலையின் நடுவில் மீனம்மா விழுந்து கிடந்தாள். கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முகத்தைத் தலைத்துண்டுக்குள் புதைத்திருந்தாள். துண்டின் மேல் குளவிகள் ஊர்ந்தன.

தான் ஓட்டும் ஆட்டோவிலிருந்து உருவிக்கொண்டு வந்த றப்பர் படங்கை அவள் மேல் போர்த்தினான். அப்படியே சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். பின்கழுத்தில் தீக்கங்கு வைத்தது போல ஒன்று கொட்டியது. நிற்கவில்லை.

"என் கூட," என்றாள் மீனம்மா, படங்குக்குள் இருந்து.

"உசுரு போவுது, கூட கேக்குதா?"

"புதுக் கூடடா."

"வாய மூடிக்கிட்டு வாங்கக்கா. வாய்க்குள்ளயும் பூந்துரும்."

பாதையில் கொழுந்து லொறி நின்றது. அதை ஓட்டுபவன் இக்னேசியஸ். கொழுந்துச் சாக்குகளையெல்லாம் பாதையோரம் தள்ளிவிட்டு, மூச்சுத் திணறிய இரண்டு பெண்களையும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த சோலைமலைக் கங்காணியையும் பின்னால் ஏற்றியிருந்தான். மற்றவர்கள் முகமும் கையும் வீங்கி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். குளவிக் கூட்டைக் கலைக்கச் சொல்லி இரண்டு மாதமாகத் தோட்டத்து ஆபீசில் கேட்டவர்கள் அவர்கள். பார்க்கலாம் என்று சொன்ன தொரை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இவங்கள டயகம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். மத்தவங்கள நீ லயத்துல அவங்கவங்க வீட்டுக்கு ஏத்திக்கிட்டுப் போ," என்றான் இக்னேசியஸ். "யாருக்காச்சும் மூச்சு முட்டுனா ஒடனே போன் பண்ணு. பொகை போட வேணாம்னு சொல்லு. அடுப்பு பத்த வைக்கக் கூடாது. கதவு சன்னல் ஒண்ணும் தொறக்கக் கூடாது. கலைஞ்ச குளவி எங்க போய் உக்காருமோ தெரியாது."

பிறகு வினோஜனின் கழுத்தைப் பார்த்தான். சட்டைக் காலருக்குள் ஒரு குளவி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கைய வைக்கவா?"

உயிர் போகும் அவசரத்திலும் அவன் அதைக் கேட்டான். வினோஜன் தலையசைத்த பிறகுதான் விரல் நீண்டது. குளவியைக் கிள்ளி எறிந்தான்.

அப்போது வினோஜனின் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். நேற்றுச் சாயங்காலம் வந்த அதே நம்பர். நேற்று, "நாளைக்கு வாறேன். சாமானக் கட்டி வை" என்று இருந்தது. இன்று, "ஹட்டன் தாண்டியாச்சு."

"யாரு?"

"போன் கம்பெனிக்காரன்."

இக்னேசியஸ் ஒரு விநாடி அதிகமாகப் பார்த்தான். பின்னால் கங்காணி முனகினார். லொறி புறப்பட்டுப் போய்விட்டது.

பொய் சொன்ன வாய் கசந்தது. குளவி கொட்டிய இடத்தைவிட அது அதிகமாக எரிந்தது.

*

அந்த நம்பருக்குச் சொந்தக்காரன் பெயர் ஜெயகாந்தன். கினிகத்தேனையில் ஹாட்வெயார் கடை. கீழே கடை, மேலே வீடு, வீட்டுக்கும் மேலே மொட்டை மாடியில் ஒரு அறை. வினோஜன் இருபத்திரண்டு வயதில் அந்தக் கடைக்கு வேலைக்குப் போனான். தாய் தகப்பன் இல்லை. கேட்க ஆள் இல்லை. ஜெயகாந்தன் அதைத்தான் முதலில் விசாரித்து வைத்துக்கொண்டான்.

முதல் நாளே அடிக்கிறவன் எவனும் இல்லை. முதலில் புதுச் சட்டை வந்தது. "நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இந்த ஊருல வேற யாரு இருக்கா, சொல்லு" என்ற ரகசியப் பேச்சு வந்தது. வினோஜன் அதைக் காதல் என்று நம்பினான். நம்பியதற்காகத் தன்மேல் பல வருடம் கோபப்பட்டான். இப்போது அந்தக் கோபத்தை உரியவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பிறகு அறை விழுந்தது. ஏன் அந்தப் பையனோடு சிரித்தாய் என்று. ஏன் போனை எடுக்கவில்லை என்று. அப்புறம் காரணம் தேவைப்படவில்லை. வார்ப்பட்டை, கம்பி, கடையில் விற்கிற எதுவும். கடைசியில் மொட்டை மாடி அறைக்கு வெளியே ஒரு கொண்டி அடித்து, பூட்டுத் தொங்கவிட்டான்.

பக்கத்தில் பேக்கரி. அந்தப் பக்கம் சலூன். ஜன்னல் வழியாகக் கத்தினால் பேருந்து நிலையத்துக்குக் கேட்கும். கத்தினான். பேக்கரிக்காரன் றேடியோவைக் கூட்டி வைத்தான். ஒரு மனிதன், ஒரே ஒரு மனிதன், படியேறி வந்து என்ன சத்தம் என்று கேட்கவில்லை. தமிழனும் கேட்கவில்லை, சிங்களவனும் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் ஊர் ஒற்றுமையாக இருந்தது.

எல்லாரையும்விட அவன் மன்னிக்காதது ஒருத்தியை. ஜெயகாந்தனின் மனைவி பிரியந்தி. தினமும் சோற்றுத் தட்டோடு மேலே வருவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். தட்டை வைப்பாள், கதவைச் சாத்துவாள், பூட்டுவாள். பூட்டு விழும் சத்தம் ஜெயகாந்தனின் அடியைவிட அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

ஒரு நாள் காலையில் கதவைத் தள்ளினான். திறந்துகொண்டது. பூட்டு கொண்டியில் வாய் பிளந்து தொங்கியது. குடித்துவிட்டு மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு ஓடினான். ஹட்டன் வரை ஒரு பஸ். அங்கே நகர்ந்துகொண்டிருந்த இன்னொரு பஸ்ஸில், எங்கே போகிறது என்று கூடப் பார்க்காமல் ஏறினான். அது டயகம பஸ். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் சுருண்டு கிடந்தவனை இக்னேசியஸ்தான் கண்டுபிடித்தான்.

இக்னேசியஸ் ஒன்றும் விசாரிக்கவில்லை. தன் தாய் ஐவி இறந்த பிறகு அவன் தனியாக இருந்த லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், கட்டிலை வினோஜனுக்குக் கொடுத்துவிட்டு, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்தான். மறுநாள் வேலை முடிந்து வந்தவன், கதவுக்கு வெளியே இருந்த கொண்டியைப் பார்த்து வினோஜன் வெளிறுவதைக் கவனித்தான். திருப்புளியை எடுத்துக் கொண்டியைக் கழற்றிப் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பள்ளத்தில் எறிந்தான்.

"இனிமே இந்தக் கதவ உள்ளுக்க இருந்துதான் பூட்டலாம்," என்றான். "நீ மட்டும்."

அன்று முதல் தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். "களவெடுக்க ஒண்ணும் இல்லாத வீடு, பூட்டு என்னாத்துக்கு" என்று லயத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். ஒரு வருடம் அப்படியே போனது. பிறகு ஒரு மழை நாளில், தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிய கையை வினோஜன்தான் பிடித்தான். பிடித்த பிறகு விடவில்லை. அதன் பின்புதான் நடந்ததையெல்லாம் சொன்னான்.

திறந்து கிடந்த பூட்டைப் பற்றிச் சொன்னபோது இக்னேசியஸ் சிலுவை போட்டுக்கொண்டான். "மாதா தொறந்திருப்பா."

"அதுவரைக்கும் உங்க மாதாவுக்கு வேற வேல இருந்துச்சோ?"

இக்னேசியஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வினோஜனுக்கும்.

போன மாதம் மாதா திருவிழாவில் சப்பறம் தூக்கியவர்களை யாரோ படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். மூன்றாவது ஆள் வினோஜன். ஆள் விட்டு ஊர், போன் நம்பர், கூட இருக்கும் லொறிக்காரன் எல்லாம் விசாரிக்க ஜெயகாந்தனுக்கு அந்த ஒரு படம் போதுமாக இருந்தது.

*

எட்டுக் காம்பரா லயம். ஒரே தகரக் கூரை. காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரை போகாது. மேலே ஒரு முழத்துக்கு வெறும் இடைவெளி. முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் ஆயுசு நூறு என்பார்கள். அதனாலேயே வினோஜனும் இக்னேசியஸும் றேடியோவைப் போட்டுக்கொண்டுதான் பேசுவார்கள், அதுவும் காதோடு.

பெண்களை இறக்கி, கதவுகளைச் சாத்தச் சொல்லி, கொட்டிய இடத்தில் தடவச் சுண்ணாம்பு கொடுத்துவிட்டு வினோஜன் தன் காம்பராவுக்கு வந்தான். வலதுபக்கச் சுவருக்கு அப்பால் மீனம்மா. இடதுபக்கம் அழகுமுத்துவின் மனைவி லெட்சுமியும் மகள் நிலக்ஷியும். யாரும் முனகக்கூட இல்லை. உதடு வீங்கினால் பேச்சு எப்படி வரும்.

பையை எடுத்தான். இரண்டு சட்டையை வைத்தான்.

ஆம், கட்டத்தான் போனான். ஜெயகாந்தன் வந்து லயத்து நடுவில் நின்று கத்தினால் என்ன ஆகும் என்று நேற்று இரவு முழுக்க நினைத்துப் பார்த்திருந்தான். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். லொறி தோட்டத்துக்குச் சொந்தம். இக்னேசியஸுக்குச் சொந்தமானது பெயர் ஒன்றுதான். அதுவும் போய்விடும். இக்னேசியஸ் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட்டால், அவனாவது மிஞ்சுவான்.

வெளியே வேன் வந்து நின்றது.

ஜெயகாந்தன் இறங்கினான். தொப்பை கொஞ்சம் கூடியிருந்தது. மற்றபடி அதே வெள்ளைச் சட்டை, அதே மோதிரங்கள். வேனுக்குள் முன்சீட்டில் ஒரு பெண் தலை தெரிந்தது. பிரியந்தி. குடும்பத்தோடு வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கூட்டி வந்திருக்கிறான்.

அவன் உடனே உள்ளே வரவில்லை. முதலில் லயத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான். சாத்திய கதவுகள். பிறகு கூரையைப் பார்த்தான். எந்தப் புகைபோக்கியிலும் புகை இல்லை.

ஜெயகாந்தன் றொசல்லைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். சுவர் கூரையைத் தொடாது என்று அவனுக்குத் தெரியும். லயத்தில் வாய் திறக்கும் முன் புகையைப் பார்க்க வேண்டும் என்றும் தெரியும். ஆள் இருந்தால் அடுப்பு எரியும். அடுப்பு எரியவில்லை என்றால் எல்லாரும் மலையில். டவுன்காரனுக்குத் தெரியாத கணக்கு அது. அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

நிம்மதியாக உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"கட்டிட்டியா? நல்ல புள்ள."

"மெதுவாப் பேசுங்க," என்றான் வினோஜன்.

"எதுக்கு? ஒரு பொகை இல்ல. எல்லாம் கொழுந்து கிள்ளப் போயிருச்சு." அவன் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தான். "இதுலதான் படுக்குறீங்களோ? ரெண்டு பேருக்குப் பத்துமா?"

வினோஜனின் கண்கள் சுவருக்கு மேல் இருந்த இருட்டு இடைவெளிக்குப் போயின. அந்தப் பக்கம் மீனம்மா மல்லாந்து படுத்திருப்பாள். இந்தக் குரல் நேராக அவள் முகத்தில் விழும்.

"போலாம். வாங்க," என்றான்.

"இரு. இவ்வளவு தூரம் வந்திருக்கேன், சாயத் தண்ணி தர மாட்டியா?" ஜெயகாந்தன் சிரித்தான். "ஒன்ன எங்கெல்லாம் தேடுனேன் தெரியுமா. பூட்டிப் பூட்டி வச்சேனேடா. ஒரு நாய வளத்தாலும் இத்தன நாளைக்கு நன்றியா இருந்திருக்கும். இந்த லொறிக்காரன் என்ன செஞ்சுட்டான் ஒனக்கு? அவன நான் ஒண்ணும் செய்ய மாட்டேன், நீ ஒழுங்கா வந்தா. வராட்டி தொரைக்கிட்டப் போவேன். பொலிசுக்குப் போவேன். ஆம்பளையும் ஆம்பளையும்னா சட்டத்துல என்ன இருக்குன்னு தெரியுமில்ல? ரெண்டு பேரும் உள்ள போயிருவீங்க. நான் போக மாட்டேன். எனக்குப் பொண்டாட்டி இருக்கா, வேனுல ஒக்காந்திருக்கா."

வினோஜன் பையின் வாரைத் தோளில் மாட்டினான். கால்கள் கதவுப் பக்கம் திரும்பின. ஜெயகாந்தன் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவன் போயிருப்பான். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

"கழுத்துல என்ன வீக்கம்?"

கேட்டுக்கொண்டே ஜெயகாந்தன் கையை நீட்டினான். வினோஜனின் பின்கழுத்தைப் பிடித்தான். குளவி கொட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

கேட்கவில்லை. வைக்கவா என்று கேட்கவில்லை.

என்ன நடந்தது என்று வினோஜனுக்கே பிறகு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. பை கீழே கிடந்தது. ஜெயகாந்தனின் மணிக்கட்டு தன் கைக்குள் இருந்தது. அதை உதறினான்.

"கைய எடு."

"என்னடா குரல் ஒசருது?"

"இன்னும் ஒசரும். நீயும் ஒசத்திப் பேசு. என்ன செஞ்சேன்னு சத்தமாச் சொல்லு. மாடியில அடைச்சு வச்சேன்னு சொல்லு."

"அடைச்சு வச்சேன். ஆமா. அதுக்கு என்ன?"

"எதால அடிச்சேன்னு சொல்லு."

"கையில அகப்பட்டதால அடிச்சேன். நீ அழுதுட்டு அப்புறம் சோறு தின்னியா இல்லையா?"

"தின்னேன். பசிச்சுது, தின்னேன். எனக்கு இருவத்தெட்டு வயசு. அதுல எத்தன வருசத்த நீ தின்ன." வினோஜனின் குரல் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. "தொரைக்கிட்டச் சொல்லுவியா? நானே சொல்றேன். நானும் இக்னேசியஸும் புருசன் பொண்டாட்டி மாதிரித்தான் இருக்கோம். இல்ல, அப்பிடியும் இல்ல. உங்க வீட்டுல இருக்குற புருசன் பொண்டாட்டி மாதிரி இல்ல. அவன் என்னையத் தொட முன்னுக்குக் கேப்பான். எவனும் கேக்காத கேள்விய அவன் கேட்டான். போய்ச் சொல்லு. பொலிசுலயும் சொல்லு. நான் வர மாட்டேன்."

அறை விழுந்தது. மோதிரத்தோடு. அந்தச் சத்தமும் கூரைக்குப் போனது.



பிறகு சுவருக்கு மேலிருந்து, வீங்கிய உதட்டிலிருந்து வந்த கொழகொழத்த குரல் சொன்னது: "வினோசு. கதவத் தொற."

ஜெயகாந்தன் அண்ணாந்து பார்த்தான். இடதுபக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. "தொறடா தம்பி. நாங்க வெளிய வாறோம்." அதற்கு அப்பால் ஒரு தாழ்ப்பாள். அதற்கும் அப்பால் இன்னொன்று. லயம் முழுக்கக் கதவுகள் திறக்கும் சத்தம் வரிசையாக ஓடியது.

அவன் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை வினோஜன் பார்த்ததே இல்லை. "பொகை இல்லையே," என்றான் ஜெயகாந்தன். யாரிடமோ முறையிடுவது போல.

*

இஸ்தோப்பின் முன்னால் பெண்கள் நின்றார்கள். பார்க்கப் பயங்கரமாக இருந்தது. ஒருத்திக்கு ஒரு கண் மூடியே போயிருந்தது. ஒருத்திக்குக் காது அப்பம் போல உப்பியிருந்தது. எல்லார் முகத்திலும் சுண்ணாம்புத் திட்டுகள். லெட்சுமியின் கையில் புருசன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. மீனம்மா ஒரு காலை இழுத்து இழுத்து வந்து வேனுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள்.

ஜெயகாந்தன் சுதாரித்துக்கொண்டான். கடை நடத்துகிறவன் அல்லவா. "அக்கா, நீங்க வெவரம் தெரியாம நிக்குறீங்க. இவனும் அந்த லொறிக்காரனும் இங்க என்ன பண்றானுங்கன்னு தெரியுமா?"

"சொவருக்கு அந்தப் பக்கம் படுக்குறவ நானு," என்றாள் மீனம்மா. "நீயா எனக்குச் சொல்லப் போற? இக்னேசி கொறட்ட விடுறதும், இந்தப் புள்ள அவன எழுப்பித் திட்டுறதும், றேடியோவ வச்சுக்கிட்டு ரெண்டும் குசுகுசுன்னு பேசுறதும் எங்களுக்குத் தெரியாதுன்னு இவங்களுக்கு நெனப்பு. றேடியோவுல பாட்டு முடிஞ்சு சேதி வரக்குள்ள எல்லாம் கேக்கும்."

வினோஜன் தரையைப் பார்த்தான். காது எரிந்தது. குளவி கொட்டாத காது.

"எனக்கு இது புடிக்கல," என்றாள் லெட்சுமி, கத்தியை மாற்றிப் பிடித்துக்கொண்டு. "இப்பவும் புடிக்கல. அத நான் இக்னேசிக்கிட்டப் பேசிக்கிறேன். மலையில குளவி கொட்டக்குள்ள இந்தப் பயதான் ஓடி வந்தான். பாக்கலாம்னு சொன்ன தொரையும் வரல, நீயும் வரல. மொதல்ல நீ ஏறு."

"நான் பொலிசுக்குப் போவேன்."

"போங்க," என்றாள் நிலக்ஷி. அழகுமுத்துவின் மகள். ஹட்டனில் கம்பியூட்டர் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் கொழுந்து கிள்ளுகிறவள். போனைத் தூக்கிக் காட்டினாள். "நீங்க அடைச்சு வச்சதா சொன்னது, அடிச்சதா சொன்னது, எல்லாம் இதுல இருக்கு. சொவத்துக்கு மேல புடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். கை வலிக்குது. நீங்க அங்க போன ஒடனே நான் இத கினிகத்தேனை முழுக்க அனுப்புறேன். ஒங்க கடைக்குப் பக்கத்துல ஒரு பேக்கரியாமே. அவங்களுக்கும்."

மீனம்மா ஜெயகாந்தனுக்கு இன்னும் கிட்டே போனாள். அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

"வந்த புதுசுல இந்தப் புள்ள தூக்கத்துல கத்தும். அடிக்காதீங்க, பூட்டாதீங்கன்னு கத்தும். நான் அந்தப் பக்கம் கண்ண முழிச்சுக்கிட்டே கெடப்பேன். யாருடா ஒன்ன இப்பிடி ஆக்குனதுன்னு கேக்கணும்போல இருக்கும். கேட்டா நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்னு தெரிஞ்சு ஓடிருமோன்னு வாய மூடிக்கிட்டேன். இத்தன நாளா அந்த மூஞ்சி எப்பிடி இருக்கும்னு யோசிச்சிருக்கேன்." ஒரு கண்ணால் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்வளவுதானா."

ஜெயகாந்தன் வேனுக்கு நடந்தான். நடக்கப் பார்த்தான், கடைசிப் பாதி ஓட்டமாகத்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகக் கையைக் கொண்டுபோனான். சாவி இல்லை.

வேனின் மறுபக்கத்தில் பிரியந்தி இறங்கி நின்றிருந்தாள். சாவி அவள் வலது கையில்.

"கொண்டா. ஏறு."

அவள் சாவியை ஜன்னல் வழியாகச் சீட்டில் போட்டாள். "நீங்க போங்க. நான் வரல."

"என்ன?"

"வரல."

அவன் கதவைத் திறக்கப் போனான். லெட்சுமி கத்தியின் பின்புறத்தால் வேன் பொனட்டை இரண்டு தட்டுத் தட்டினாள், மாட்டை விரட்டுவது போல. வேன் பின்னால் உறுமிக்கொண்டு திரும்பியது. வளைவில் எதிரே வந்த கொழுந்து லொறிக்கு வழிவிட்டுப் பாதையோரக் கானுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கி, ஏறி, போயே விட்டது.

*

இக்னேசியஸ் லொறியிலிருந்து குதித்து ஓடி வந்தான். திறந்திருந்த கதவுக்கு முன்னால் வந்ததும் பழக்கத்தில் நின்று, நிலைக் கட்டையில் தட்டினான். உள்ளே யாரும் இல்லை. வினோஜன் அவன் பின்னால் இஸ்தோப்பில்தான் நின்றிருந்தான், கன்னத்தில் மோதிரத் தடத்தோடு.

"அவனா?"

"ம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"ஒன்னோட லொறி போயிரும்னு நெனச்சேன்."

"லொறி," என்றான் இக்னேசியஸ். அவன் கோபப்பட்டு வினோஜன் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நான் ஹட்டன்ல மூட்ட தூக்குவேன்டா. நீ போயிருந்தா நான் என்னத்தத் தூக்குறது?" பிறகு குரலை இறக்கினான். "கைய வைக்கவா?"

"வை. இனிமே கேக்காத."

"கேப்பேன்."

எல்லார் முன்னாலும் கன்னத்தில் கையை வைத்தான். லெட்சுமி தலையைத் திருப்பிக்கொண்டு, அடுப்புப் பற்ற வைக்கலாமா என்று மீனம்மாவிடம் கேட்டாள்.

அந்தக் கைக்கு மேலாக வினோஜன் பார்த்தான். இஸ்தோப்பின் ஓரத்தில் பிரியந்தி உட்கார்ந்திருந்தாள். யாரோ அவளிடம் தண்ணீர்க் கோப்பையைக் கொடுத்திருந்தார்கள். இத்தனை நேரம் ஜெயகாந்தன் மேல் இருந்த ஆத்திரம் முழுக்க இடம் மாறி அவள் மேல் வந்து உட்கார்ந்தது.

"இவங்கள யாரு இங்க ஒக்கார வச்சது?"

"வினோ," என்றான் இக்னேசியஸ்.

"இல்ல, நீ சும்மா இரு. பேக்கரிக்காரனுக்கு நான் யாரோ. இவங்க தெனம் மேல வந்தாங்க. என் முதுகப் பாத்தாங்க. சோத்த வச்சுட்டுப் பூட்டிட்டுப் போனாங்க. இந்த லயத்துல சொவருக்கு அந்தப் பக்கம் கெடந்த பொம்பளைக்கு என் மேல இருந்த எரக்கம், ஒரே வீட்டுல இருந்த ஒங்களுக்கு இல்லையே அண்ணி. எதுக்கு இப்ப வேனுல இருந்து எறங்குனீங்க? அவனோடயே போக வேண்டியதுதானே?"

பிரியந்தி கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக இரண்டு கையாலும் பிடித்தாள். இடது கை முழுதாக வரவில்லை. முழங்கைக்குக் கீழே அது கோணலாகத் திரும்பியிருந்தது, ஒட்டவைக்காமல் விட்ட எலும்பு தானாகக் கூடியது போல. தண்ணீர் சேலையில் சிந்தியது.

வினோஜன் அந்தக் கையைப் பார்த்தான். சோற்றுத் தட்டு ஏந்தி வந்த கை. அங்கே இருந்தபோது அது நேராகத்தான் இருந்தது.

மீனம்மாவும் பார்த்தாள். "கையில என்னம்மா?"

"ஒடைச்சுட்டாரு."

"எப்ப?"

பிரியந்தி முதல் தடவையாக வினோஜனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டில் ஒரு நாள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"தம்பி ஓடிப்போன அன்னிக்கு," என்றாள். "பூட்ட நாந்தான் தொறந்தேன்."